டென்மார்க் அக்காவின் அளவுகள்

தூண்டில் பைத்தியம் பிடித்த ஒருவருக்கு வாழ்க்கைப்பட்ட எந்தப் பெண்ணுக்கும் ஒரு கணக்கு தானாகப் பழகிவிடும். அவர் இரண்டு முழம் என்று கையை விரித்தால் ஒரு முழத்தை நம்பலாம். தப்பிப்போன மீன் என்றால் அதையும் நம்பத் தேவையில்லை. இந்தக் கணக்கில் எனக்கு நல்ல தேர்ச்சி இருந்தது. அதைத் தலைகீழாகப் போடவேண்டிய ஒரு மனுசியை நான் ரொறன்ரோவில்தான் கண்டேன்.

அவரை நாங்கள் டென்மார்க் அக்கா என்போம். தொண்ணூறுகளில் எங்கள் கட்டடத்தில் இருந்த தமிழர்களில் பாதிப்பேருக்கு இப்படி ஒரு நாடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஜேர்மன் மாமா, சுவிஸ் அன்ரி, பிரான்ஸ் குஞ்சியம்மா. யாழ்ப்பாணத்திலிருந்து நேராக வந்திறங்கிய எங்களுக்கு ஒட்டுவதற்கு ஒரு நாடும் அகப்படவில்லை. எங்களைப் பதினோராம் மாடி என்று சொன்னார்கள். டென்மார்க் அக்காவும் பதினோராம் மாடிதான், எங்களுக்கு எதிர்க்கதவு. ஆனால் அவருக்கு ஒரு நாடு இருந்தபடியால் மாடி தேவைப்படவில்லை.

நாற்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த உடம்பு, இறுக்கிப் பின்னிய தலைமயிர், குளிரோ வெயிலோ ஒரே சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. மகள் ஒருத்தி, ஒன்பதாம் வகுப்பு. தாயோடு தமிழ், சிநேகிதிகளோடு இங்கிலிஸ், கோபம் வந்தால் டேனிஷ். சொந்தமென்று சொல்ல அவர்களுக்கு இந்த ஊரில் ஒருவரும் இல்லை. கோயிலும் தமிழ்க்கடையும் இருக்கிற இடத்தில் பிள்ளையை வளர்க்கலாம் என்று கிளம்பி வந்ததாகச் சொன்னார்.

அவருடைய குணத்தை நான் முதலில் கண்டது லிஃப்டுக்குள். அவர்கள் குடிவந்து ஒரு கிழமை, ஏழெட்டு நாள், இருக்கும். கணவர் எங்கே என்று நான் கேட்டேன். கேட்கக்கூடாத கேள்விதான், ஆனால் எங்கள் ஆட்களுக்கு அதைக் கேட்காமல் நித்திரை வராது.

"அவருக்கு டென்மார்க்கில கொஞ்சம் ஏலாமல் வந்தது, தங்கச்சி" என்றார்.

"ஐயோ. இப்ப சுகமே?"

"இல்லை. மோசம் போயிட்டார்."

இறந்துவிட்டாராம். நான் வாயைத் திறந்தபடி நின்றேன். லிஃப்ட் கதவு திறந்தது. அவர் பையைத் தூக்கிக்கொண்டு, ஏதோ கத்தரிக்காய் விலை சொன்னவர் போல இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு எல்லாமே அப்படித்தான். ஒரு காலை கதவைத் தட்டி, "வெளியில கொஞ்சம் பனி கொட்டியிருக்கு" என்றார். கீழே போய்ப் பார்த்தால் கார் நிறுத்துமிடத்தில் எது எங்கள் கார் என்று தெரியவில்லை. என் கணவர் அரைமணி நேரம் பனி வழித்து வெளியே எடுத்தது வேறு யாருடையதோ. இன்னொரு நாள், "கொஞ்சம் புட்டு அவிச்சனான், வாருங்கோ" என்றார். தேத்தண்ணீரோடு ஒரு பிடி புட்டு என்று நினைத்து, வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனோம். மேசையில் ஏழு கறியும், ஒரு கலியாண வீட்டுக்குப் போதுமான புட்டும் இருந்தன. மகளுடைய படிப்பைக் கேட்டால் "பாஸ் பண்ணிக்கொண்டு வாறாள்" என்பார். அந்தப் பிள்ளை கணக்கில் பள்ளிக்கூடத்துக்கே முதலாவதாக வந்தது எனக்கு மூன்றாம் மாடிக்காரி சொல்லித்தான் தெரியும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்று எங்கள் ஆட்கள் பொய்காரரைத் திட்டுவார்கள். டென்மார்க் அக்கா பொய்காரி இல்லை. அவர் பூசணிக்காயை எல்லோருக்கும் முன்னால் மேசையில் வைத்துவிட்டு, "சின்ன வெங்காயம்" என்பார். நாங்களும் வெங்காயம் என்று நம்பித் தலையாட்டினோம்.

இனி மீன் கதைக்கு வருகிறேன்.

என் கணவரும், அவரோடு தொழிற்சாலையில் வேலை செய்த இரண்டு பேரும் கோடையில் ஒரு ஞாயிறு விடமாட்டார்கள். ஃபெரிப் படகில் ரொறன்ரோத் தீவுக்குப் போய், அங்கே வாய்க்கால் கரைகளில் தூண்டில் போட்டுவிட்டு இருப்பார்கள். அவர்கள் தேடிப் போவது பைக் என்ற மீன். பார்த்தால் எங்கள் ஊர்ச் சீலாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. நீளமான உடம்பு, வாத்துச் சொண்டு போல வாய், அந்த வாய் நிறையப் பல்லு. வெள்ளைக்காரர் முள் அதிகம் என்று ஒதுக்குவார்கள். முள்ளுக்குப் பயந்தவர்களா நாங்கள்? புளி விட்டு வைத்தால் சட்டியில் ஒன்றும் மிஞ்சாது. ஆனால் இவர்கள் கொண்டுவருகிறது பெரும்பாலும் சட்டிக்குக்கூடக் காணாது.

ஒரு மழை ஞாயிறு. தீவுக்குப் போக வழியில்லாமல் மூன்று பேரும் எங்கள் வீட்டில் குந்தியிருந்தார்கள். நடுவில் ஒரு மீன்பிடிச் சஞ்சிகை. அந்த மாதம் ஐரோப்பாவில் பிடிபட்ட பெரிய பைக் மீன்களின் படங்களாகப் போட்டிருந்தார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட என் கணவர் அப்படிக் கண் இமைக்காமல் பார்க்கவில்லை.

"இஞ்சை பாருங்கோடா, உது மீனோ முதலையோ?"

"சுவீடனாம். கடற்கரையில, அரைவாசி உப்புத் தண்ணியில வளருதாம். ரெண்டு கையாலயும் தூக்கேலாமல் நிக்கிறான் பார்."

"இந்த ஒல்லாந்துக்காரன்ர மீனைப் பார். அதின்ர வாய்க்குள்ள என்ர தலை போகும்."

"எங்கட சனம் இவ்வளவு பேர் ஐரோப்பாவில இருந்து வந்ததுகள். ஒருத்தரும் உதைப் பற்றி வாய் திறக்கேல்லையே!" என்று என் கணவர் ஏங்கினார்.

அந்த நேரம் பார்த்து டென்மார்க் அக்கா ஒரு கிண்ணத்தில் ரசம் கொண்டுவந்தார். எனக்குத் தடிமன், மூக்கடைப்பு என்று கேள்விப்பட்டிருந்தார். போகிற போக்கில் சஞ்சிகையை எட்டிப் பார்த்தார்.

"ஓம், உப்பிடி ஒண்டு நாங்களும் பிடிச்சனாங்கள்" என்றார். "சின்னன்."

மூன்று தலைகளும் ஒன்றாக நிமிர்ந்தன. "எங்கை அக்கா? டென்மார்க்கிலயோ?"

"ஓம். வீட்டுக்குப் பக்கத்தில ஒரு குளம். தூண்டில் அவரின்ர. இழுத்தது நான்."

"எவ்வளவு இருக்கும்?"

அவர் வலது கையை நீட்டி, முழங்கையிலிருந்து விரல் நுனிவரை இடது கையால் தொட்டுக் காட்டினார். ஒரு முழம். பிறகு அதுவும் கூடிப்போனதென்று பட்டதோ என்னவோ, விரல்களை மடக்கிக்கொண்டார்.

"என்ன செய்தனீங்கள்?"

"கறிதான். பக்கத்தில ரெண்டு வீட்டுக்கும் குடுத்தனான்."

அவர் போனதும் என் கணவர் இரக்கத்தோடு சொன்னார்: "பாவம், ஒரு முழ மீன். அதையும் ஞாபகம் வைச்சிருக்கிறா."

அந்த இரக்கத்தில்தான் அடுத்த ஞாயிறு அவரையும் மகளையும் தீவுக்கு அழைத்தார். நானும் சோறு கட்டிக்கொண்டு போனேன். மத்தியானம் போல என் கணவரின் தூண்டில் வளைந்தது. அக்கா கரையில் இருந்து தண்ணீரைப் பார்த்தார். ஒரு கணம்தான் பார்த்தார்.

"உது சின்னன். கொஞ்சம் கவனமா இழுங்கோ" என்றார்.

என் கணவர் முதல் பாதியை மட்டும் கேட்டார். ஒரு கையால் தூண்டிலைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் என்னிடம் தண்ணீர்ப் போத்தல் வாங்கினார். அடுத்து நடந்ததை நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை. போத்தல் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். மனுசன் முழங்கால் தண்ணீரில் நின்று, அறுந்த தூண்டில் நரம்பைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். வாய்க்கால் நடுவில் ஒரு வால் திரும்பியது. அந்த வாலின் அகலத்தை நானே பார்த்தேன். என் கணவர் சொன்னால் நம்பியிருக்கமாட்டேன்.

"சின்னன் எண்டு சொன்னனீங்களே அக்கா!"

"கவனம் எண்டும் சொன்னனான், தம்பி" என்றார் அக்கா. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அங்கிள், you can't listen to அம்மா. She makes everything small" என்றாள். நாங்கள் அதைப் பகிடி என்று நினைத்தோம்.

அந்த வருடம் இலையுதிர் காலத்தில் டென்மார்க்கிலிருந்து அக்காவின் மச்சான், கணவரின் தம்பி, ஒரு கலியாணத்துக்கு வந்தார். ஒரு நாள் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டோம். சாப்பிட்டு முடியவில்லை, மூலையில் நின்ற தூண்டில்களைக் கண்டுவிட்டார்.

"அண்ணி தன்ர மீனைப் பற்றிச் சொன்னவவோ?"

"ஓம், சொன்னவ. ஒரு முழ மீன்" என்றார் என் கணவர் மரியாதையோடு.

மச்சான் சோற்றுக் கையோடு சிரித்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து, சட்டைப் பையிலிருந்த பேர்ஸைத் திறந்து ஒரு படத்தை எடுத்தார். அண்ணனின் ஞாபகமாக அதை அவர் எப்போதும் கொண்டு திரிவாராம்.

படத்தில் மெல்லிய உயரமான ஒரு மனிதர் மீனைத் தலைப்பக்கம் பிடித்து நிறுத்தியிருந்தார். பக்கத்தில் அக்கா, ஈரச் சேலையோடு. மீனுக்கு மற்றப் பக்கம் அவர்களுடைய மகள், அப்போது ஆறு வயதிருக்கும். மீனின் தலை பிள்ளையின் தலைக்கு மேலே இருந்தது.

என் கணவர் படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். சஞ்சிகையில் பார்த்தது யாரோ சுவீடன்காரன், யாரோ ஒல்லாந்துக்காரன். இது எதிர்க்கதவு அக்கா. அவர் திரும்பி அக்காவைப் பார்த்த பார்வையில், கோயிலில் சாமி பார்க்கிற பயபக்தி இருந்தது.

"டேனிஷ்காரர் எல்லாம் ஓடி வந்து பாத்தவங்கள்" என்றார் மச்சான். "ஊர்ப் பேப்பரிலயும் போட்டவங்கள். அந்த ஊரில இருந்த தமிழ் வீடு எல்லாத்திலயும் ரெண்டு நாள் மீன் கறிதான். அண்ணை இந்தப் படத்தைக் காட்டாத ஆள் இல்லை."

"சும்மா இருங்கோ தம்பி. படத்தில பெரிசாத் தெரியுது" என்றார் அக்கா. "குடுங்கோ. பாத்தது போதும்."

கையை நீட்டி வாங்கிப் படத்தைக் கவிழ்த்து மேசையில் வைத்தார். அவருடைய முகம் வெளிறிப்போயிருந்தது. கணவரின் ஞாபகம் என்று நினைத்து நான் பாயசம் எடுக்கப் போனேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் புதுக் கணக்கு. என் கணவர் சொன்னால் பாதி, அக்கா சொன்னால் மூன்று மடங்கு. அடுத்த மாதமே அது சரியென்று தெரிந்தது. அக்கா வேலை செய்த பேக்கரியில் சூடான தட்டு கையில் பட்டுவிட்டது. "சின்னச் சூடு" என்றார், சட்டைக்கையை இழுத்து மூடியபடி. நான் அந்தக் கையைப் பிடித்துச் சட்டையை மேலே தள்ளினேன். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் இல்லை. திட்டித் திட்டியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். போகிற வழியெல்லாம், "உமக்கு வேலை கெடுது, தங்கச்சி" என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு வந்தார்.

கோடை தொடங்கிய நேரம், ஒரு சனிக்கிழமை. கட்டடத்தின் அடித்தளத்தில் உடுப்புத் தோய்க்கிற அறையில் இரண்டு பேரும் நின்றோம். அக்கா ஈர உடுப்புக் கூடையை ஒரு கையால் தூக்க முயன்றுகொண்டிருந்தார். மற்றக் கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தார்.

"கையில என்ன அக்கா? பழைய சூடோ?"

"இல்லை. இது வேற. கொஞ்சம் நோகுது." அறையில் வேறு ஆட்கள் இல்லை. இருந்தும் குரலைத் தாழ்த்தினார். "நெஞ்சில, இந்தப் பக்கம், ஒரு சின்னக் கட்டி."

வேறு யாராவது சின்னக் கட்டி என்றிருந்தால், டொக்டரிட்டக் காட்டுங்கோ என்று சொல்லிவிட்டு உடுப்பை மடித்திருப்பேன். இவர் வாயிலிருந்து அல்லவா அந்தச் சொல் வந்தது.

"எவ்வளவு?"

பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்துக் காட்டினார். "புளியங்கொட்டை."

"ஆரிட்டையும் காட்டினனீங்களோ?"

"தமிழ் டொக்டரிட்டப் போனால் அங்கை வாசலில இருக்கிற பிள்ளை எங்கட கோயிலுக்கு வாற பிள்ளை. வெள்ளைக்கார டொக்டரிட்டப் போனால் கதைக்கத் தெரியாது. மகளைக் கூட்டிக்கொண்டு போய் உதைக் கதைக்கச் சொல்லுறதே?"

கேட்கும்போது எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை நாள் எதிர்க்கதவில் நான் என்ன பொம்மையாகவா இருந்தேன்? திங்கட்கிழமை வேலைக்கு லீவு சொன்னேன். பஸ் பாதையில் ஒரு வெள்ளைக்கார டொக்டர் இருந்தார், நரைத்த மனிதர், அவசரப்படாதவர். அவரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

திரைக்குப் பின்னால் அவர் சோதித்துப் பார்த்தார். வந்து இருந்து கேள்விகள் கேட்டார். நான் இங்கிலிசைத் தமிழாக்கி, தமிழை இங்கிலிசாக்கிக்கொண்டிருந்தேன். எவ்வளவு காலமாக இருக்கிறது? "இப்ப கொஞ்ச நாளா." வளர்ந்திருக்கிறதா? "பெரிசா இல்லை." வீட்டில் வேறு யாருக்காவது? "அம்மாவுக்கும் கொஞ்சம் ஏலாமல் இருந்தது."

டொக்டர் தலையை ஆட்டினார். புதிதாக வந்தது என்றால் ஒரு மாதம் பொறுத்து இன்னொரு தடவை பார்க்கலாம், அதற்குள் கரைந்தும் போகலாம் என்றார். அக்கா நான் மொழிபெயர்க்கும் முன்னரே எழும்பிவிட்டார். ஒரு மாதம் என்பது அவருக்கு விளங்கியிருந்தது. முகத்தில் பெரிய ஆறுதல்.

நான் எழும்பவில்லை. அக்கா சொன்னதைச் சொன்னபடிதான் சொல்லியிருந்தேன். ஆனால் அதில் ஒரு சொல்லும் உண்மையான அளவில் இல்லை என்று எனக்குத் தெரியும். அதை எப்படி இந்த மனிதருக்கு விளங்கப்படுத்துவது? சுவரைப் பார்த்தேன். அங்கே பலகையில் ஒரு பாடம்பண்ணிய மீன் வாயைத் திறந்துகொண்டிருந்தது. வாத்துச் சொண்டு, பல்லு. என் ஞாயிற்றுக்கிழமைகளைக் கெடுத்த அதே மீன்.

"அது நீங்கள் பிடித்ததா?" என்று கேட்டேன்.

டொக்டரின் முகம் மலர்ந்தது. ஆமாம், வடக்கே ஒரு ஏரியில், பல வருடங்களுக்கு முன்பு என்றார். கையை விரித்துக் காட்டினார். சுவரில் இருந்ததைவிட ஒரு சாண் கூடத்தான் காட்டினார்.

"இவர் டென்மார்க்கில் இதைவிடப் பெரியது பிடித்தவர்" என்றேன். என் உடைந்த இங்கிலிசில் முழுக் கதையையும் சொன்னேன். பிள்ளையைவிட உயரமான மீனை ஒரு முழம் என்று சொன்னது, முழங்கைவரை தோல் உரிந்ததைச் சின்னச் சூடு என்றது, கணவர் செத்ததைக் கொஞ்சம் ஏலாமல் வந்தது என்றது. மீன் பிடிக்கிறவர் ஒருவர் குறைத்துச் சொன்னதை இவ்வளவு காலத்தில் கேள்விப்பட்டதே இல்லை என்று டொக்டர் சிரித்தார். சிரித்துக்கொண்டே அக்காவைப் பார்த்தார். பிறகு சிரிக்கவில்லை. மறுபடி கேளுங்கள் என்று என்னிடம் சொன்னார்.

நான் அக்காவின் கையைப் பிடித்து இருத்தினேன். "அக்கா, சின்னன் பெரிசெல்லாம் விடுங்கோ. எப்ப துவங்கினது? தைப்பொங்கலுக்கு முந்தியோ பிந்தியோ?"

"முந்தி."

"இந்தப் பொங்கலோ?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "போன வருசப் பொங்கல்."

"அம்மாவுக்கு என்ன வந்தது?"

"அவவுக்கும் இதிலதான். அதோடதான் மோசம் போனவ."

இதை இங்கிலிசில் சொன்னேன். டொக்டர் உடனே தொலைபேசியை எடுத்து, ஆஸ்பத்திரியில் யாரோ ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசினார். அந்தக் கிழமையே வரச் சொன்னார்கள்.

ஊசி போட்டுக் கட்டியில் சதை எடுத்தார்கள். முடிவுக்குக் காத்திருந்த நாட்களில் அக்கா ஒரு நாளும் வேலைக்குப் போகாமல் விடவில்லை. எனக்குத்தான் சமைக்கக் கை வரவில்லை. என் கணவர் இரண்டு ஞாயிறு தீவுக்குப் போகவில்லை. அதிலிருந்தே அந்த மனுசனுக்கும் எவ்வளவு பயம் என்று விளங்கிக்கொண்டேன். மகளுக்கு ஒன்றும் சொல்லக்கூடாது என்று அக்கா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அவள் வந்து, "அன்ரி, அம்மா okay தானே?" என்று கேட்டபோது, குழம்பு எரியுது என்று அடுப்படிக்குள் ஓடினேன்.

முடிவு சொல்கிற நாள் ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் இருந்தோம். அங்கேதான் நான் பொறுமை இழந்து கேட்டேன்.

"ஏன் அக்கா உப்பிடிக் குறைச்சுக் குறைச்சுச் சொல்லுறியள்?"

அக்கா கம்பளிச் சட்டையின் கையை இழுத்துவிட்டார்.

"கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது எண்டு சும்மாவே சொன்னவை? எங்கட வீட்டில ஆரும் பெரிசாக் கதைக்கிறேல்லை. அவரும் அப்பிடித்தான், ஒரு சொல்லுப் புளுகாத மனுசன். அந்த மீனோடதான் மாறினவர். வேலையிடத்தில படத்தை ஒட்டினவர். வாற போற ஆக்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினவர். எல்லாரும் ஆவெண்டு வாயைப் பிளந்தவை. எனக்கு அப்பவே பயம், தங்கச்சி. அடுத்த மாசியில, வாசலில பனி வழிச்சுக்கொண்டு நிண்டவர், அப்பிடியே சரிஞ்சார்."

"அக்கா, அது மாரடைப்பு. மீனாலயே வந்தது?"

"எனக்குத் தெரியும். எண்டாலும் பிறகு எனக்கு நாக்கு எழும்புதில்லை."

"சரி, நல்லதைச் சின்னனாக்குங்கோ. வருத்தத்தை ஏன் சின்னனாக்குறியள்? வருத்தத்துக்கும் நாவூறோ?"

"பெரிசெண்டு சொன்னால் அது பெரிசாயிடும்" என்றார். எனக்கும் அந்த நேரத்தில் அதே பயம்தான்.

பெயர் கூப்பிட்டார்கள். உள்ளே இளம் பெண் டொக்டர் ஒருவர் இருந்தார். இருக்கச் சொல்லவில்லை. கதவிலேயே சொல்லிவிட்டார், புற்றுநோய் இல்லை, கெடுதி செய்யாத கட்டி என்று. எலுமிச்சை, எங்கள் தேசிக்காய், அளவில் இருக்கிறதாம். வெட்டி எடுத்துவிடலாம், ஒரு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றார்.

மொழிபெயர்க்க வந்த நான் வாயடைத்து நின்றேன். கண்ணில் தண்ணீர் மட்டும் கொட்டியது. அக்காவுக்கு இங்கிலிஸ் பிடிபடவில்லை. என்னுடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாக என் தோளைத் தொட்டார்.

"பரவாயில்லை, தங்கச்சி. சொல்லும். நான் தாங்குவன்."

"ஐயோ அக்கா, ஒண்டுமில்லை! கான்சர் இல்லையாம்! தேசிக்காய் அளவாம், எண்டாலும் கெட்ட கட்டி இல்லையாம்!" நான் கத்தின கத்தில் வெளியே வாங்கில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அக்கா என் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்தார். "உண்மையாவோ? நீர் குறைச்சுச் சொல்லேல்லையே?"

எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. பெண் டொக்டரைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். அவர் பொறுமையாக, ஒவ்வொரு சொல்லாக, அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று வாசித்திருக்கிறேன். அது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பசி வந்தது. காலையில் இருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது.

கட்டியை எடுத்தார்கள், காயமும் ஆறியது. மகள் பிறகு படித்து, பக்கத்து ஊரான அஜக்ஸில் வீடு வாங்கித் தாயைக் கூட்டிக்கொண்டு போனாள். ஆனால் அக்காவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வருவது ஆஸ்பத்திரிக்கு வெளியே அந்தப் பஸ் தரிப்புத்தான்.

நல்ல வெயில். தரிப்பு வாங்கில் உட்கார்ந்து, கன்ரீனில் வாங்கிய பணிஸைப் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஒரு பஸ் வந்தது, அக்கா எழும்பவில்லை. நானும் இருந்தேன்.

"நான் சரியாப் பயந்திட்டன், தங்கச்சி" என்றார். கொஞ்சம் என்று சொல்லவில்லை. "இரவிரவா நித்திரை இல்லை. என்னை நினைச்சில்லை. பிள்ளையை ஆரிட்டை விடுறது? மச்சானுக்கு நாலு பிள்ளையள், இவளும் திரும்ப டென்மார்க் போகமாட்டாள். எங்கட கட்டடத்தில ஒவ்வொரு வீடா யோசிச்சனான். ஆர் சத்தம் போடுவினம், ஆர் குத்திக் காட்டுவினம் எண்டெல்லாம் பாத்தனான்."

நான் பணிஸைக் கையில் பிடித்தபடி இருந்தேன்.

"கடைசியா உம்மட வீடு எண்டு முடிவெடுத்தனான். இண்டைக்கு உள்ளுக்கை வேற மாதிரிச் சொல்லியிருந்தால், இந்த வாங்கில வைச்சு உம்மைக் கேட்டிருப்பன். என்னெண்டு கேக்கிறதெண்டு வாற வழியெல்லாம் மனதுக்குள்ள சொல்லிப் பாத்துக்கொண்டு வந்தனான். நல்ல காலம், கேக்கத் தேவையில்லாமல் போச்சு."

"கேட்டிருந்தால் ஓம் எண்டிருப்பன் அக்கா" என்றேன். "இவரைக் கேக்காமலே சொல்லியிருப்பன்."

அடுத்த பஸ் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. அக்கா மடியில் கிடந்த பணிஸ் துகளைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"அது எனக்கு வடிவாத் தெரியும்" என்றார்.